சாரல் ஊரில் கடல்மீன் வைத்தியம்

மருந்து எது என்று கேட்பதற்கு முன்னால் செவுள் மூடியைப் பார்க்க வேண்டும். கடல் மீனுக்கு வரும் ஒட்டுண்ணிகளில் கொடியவை பலவும் செவுளில்தான் முதலில் குடியேறும். தோலில் புள்ளி தெரியும்போது அங்கே பாதி வேலை முடிந்திருக்கும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் செவுள் மூடி எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று எண்ணுங்கள். மீனுக்கு மீன் கணக்கு மாறும் என்பதால் பொதுவான எண் எதையும் மனப்பாடம் செய்து பயனில்லை. நல்லா இருக்கிற நாளில் எண்ணித் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தால்தான் கெட்ட நாளில் ஒப்பிட முடியும்.

போனில் வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான். “அண்ணாச்சி, மீனு மேல வெள்ளையா இருக்கு. என்ன மருந்து ஊத்தணும்?” கூடவே கலங்கலாக ஒரு படம்.

“மருந்து இருக்கட்டும் தம்பி. தீனி எடுக்கா? பம்பு தண்ணி விழுற எடத்துல போயி நிக்கா? கடைசியா புது மீனு எப்ப விட்டிய?”

இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் நோயின் திசை தெரிந்துவிடும். தீனியை விட்டுவிட்டு, பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே வாயைப் பிளந்து நிற்கிற மீனுக்குச் செவுள் அடைபட்டிருக்கிறது. அதற்கு நாளை வரை பொறுக்க நேரமில்லை. புள்ளியோடு இருந்தாலும் தீனிக்கு ஓடி வருகிற மீனுக்கு அவகாசம் உண்டு.

*

ரவை சிந்தினாற்போல் எண்ணக்கூடிய பொட்டுகள் இருந்தால் வெள்ளைப்புள்ளி. சலித்த மாவு படிந்தாற்போல் இருந்தால் வெல்வெட். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இதிலும் ஏமாற இடம் உண்டு.

வெல்வெட்டைப் பார்க்க அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சை மீனின் முதுகுப் பக்கமிருந்து சாய்வாக அடிக்க வேண்டும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில், மங்கிய தங்க நிறத்தில் தூசி படிந்தது போன்ற மினுக்கம் தெரிந்தால் சந்தேகப்படலாம். மினுக்கம் தெரியாவிட்டாலும் மீனை மேல்மூச்சு வாங்க வைப்பது வெல்வெட்டாக இருக்கலாம். செவுளில் மட்டும் இருந்தே அது கொன்றுவிடும்.

கோமாளி மீன் உடம்பிலிருந்து சளி திட்டுத் திட்டாக உரிந்து தொங்கினால் புருக்ளினெல்லாவை நினைக்க வேண்டும். கண் புகை மூடினாற்போல் மங்கி, மீன் கல்லில் உரசிக்கொண்டே இருந்தால் தட்டைப்புழு. விலாவில் சிவந்த புண் வைத்து நாளுக்கு நாள் அகலமானால் யுரோனீமா. இந்த ஐந்துக்கும் ஒரே வழி கிடையாது. ஒன்றின் மருந்து பெரும்பாலும் மற்றதற்கு உதவாது. செம்பு தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. பிராசிகுவான்டெல் வெள்ளைப்புள்ளியைத் தொடவே தொடாது. ‘எல்லா நோய்க்கும் ஒரே மருந்து’ என்று புட்டியில் அச்சடித்திருப்பதை நம்பிப் போன மீன்கள் எத்தனையோ.

*

வெள்ளைப்புள்ளியின் ஆயுள் கணக்கு தெரியாதவர்கள் அந்த நோயை ஜெயிக்க முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

வெள்ளைப்புள்ளிக்குக் காரணமான கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் ஒரு செல் உயிரி. உடம்பைச் சுற்றிலும் மயிரிழைகள். மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் தின்று கொழுக்கிறது. நாம் பார்க்கிற புள்ளி அதுதான். பிறகு தானாகவே மீனை விட்டு இறங்கி, சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, கல்லிலோ கண்ணாடியிலோ மணலிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் ஒன்று பலவாகப் பிரிகிறது. ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுகள்வரை வரலாம். கூடு பொதுவாக 3 முதல் 28 நாளுக்குள் திறக்கும். 72 நாள் கழித்துத் திறந்ததையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். வெளியே வந்த குஞ்சு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும்.

இப்போது வீட்டில் நடப்பதைப் பாருங்கள். திங்கட்கிழமை மீன்மேல் நாலைந்து புள்ளி. பதறிப்போய் ஏதோ ஒரு புட்டி வாங்கி ஊற்றுகிறார்கள். வெள்ளிக்கிழமை புள்ளி ஒன்றுகூட இல்லை. ‘மருந்து கேட்டுருச்சு’ என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையில் மருந்தே ஊற்றாவிட்டாலும் வெள்ளிக்கிழமை புள்ளி இருந்திருக்காது. தின்று முடித்துக் கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ஒரு வாரமோ மூன்று வாரமோ கழித்து அதே தொட்டியில் மீனின் கண், துடுப்பு, வால் என்று பாக்கியில்லாமல் புள்ளி. “புதுசா மீனே விடலையே அண்ணாச்சி, எங்கருந்து வந்துச்சு?” எங்கிருந்தும் வரவில்லை, போகவே இல்லை.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் எந்த மருந்தும் தொடாது. நீந்துகிற குஞ்சைத்தான் மருந்து கொல்லும். அதனால் கடைசிக் கூடு திறக்கும்வரை மருந்து தண்ணீரில் காத்திருக்க வேண்டும். இரண்டு, மீனே இல்லாத தொட்டியில் அது பட்டினி கிடந்து சாகும். நோய் கண்ட தொட்டியை மீனில்லாமல் 76 நாள் சும்மா ஓட விடுவது என்று வைத்திருப்பது அந்த 72 நாள் கணக்கை ஒட்டித்தான். நண்டும் சங்கும் அதிலேயே இருக்கலாம். அவற்றை இது பிடிக்காது.

*

வெள்ளைப்புள்ளியைத் தீர்க்க மருந்தே இல்லாத ஒரு முறை உண்டு. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இரண்டு பிளாஸ்டிக் டப், இரண்டு ஏர் பம்ப், மீன் ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பி.வி.சி. குழாய். மீனை முதல் டப்பில் விட்டு, 3 நாள் முடிவதற்குள் இரண்டாவதற்கு மாற்ற வேண்டும். பழைய டப்பின் தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் சருகாகக் காயவைக்க வேண்டும். காய்ந்தால் கூடு செத்துவிடும். இப்படி நான்கு மாற்றம். கீழே இறங்கிய கூடு திறக்க மூன்று நாளாவது ஆகும். அது திறக்கும்போது மீன் அங்கே இருக்காது. 12 நாளில் மீன்மேல் இருந்தது எல்லாம் இறங்கித் தீர்ந்துபோகும்.

மாற்றுவதைக் காலையில் செய்யுங்கள். இந்த ஒட்டுண்ணி இருட்டில்தான், அதிலும் விடியலுக்கு முன்னால்தான், பெரும்பாலும் மீனை விட்டு இறங்குகிறது. காலையில் மாற்றினால் அன்றைக்கு இறங்கியதெல்லாம் பழைய டப்போடு போய்விடும். சாயங்காலம் மாற்றினால் அன்றிரவு இறங்கப் போவதைச் சுமந்துகொண்டு போகிறோம்.

வெல்வெட்டுக்கு இந்த முறை கைகொடுக்காது. அதன் ஓட்டம் வேகமானது.

*

நுண்ணோக்கி இல்லாமல் சொல்வதெல்லாம் ஊகம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்குமே, 40 மடங்கும் 100 மடங்கும் பெரிதாக்குகிற சாதாரணக் கருவி, அது போதும். மீன் வைத்தியர் ஒருவரும் பக்கத்தில் இல்லாத ஊரில் இருக்கிறவர்கள் நல்ல விளக்கு வாங்குகிற காசை முதலில் இதில் போடலாம்.

மீனை மயக்கக் கிராம்பு எண்ணெய். நம் குற்றால மலையில் கம்பெனிக் காலத்திலேயே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டார்கள். மசாலாக் கடைகளில் இன்றும் அதற்குப் பஞ்சமில்லை. கடையில் கேட்டால் பல்வலிக்கு என்று நினைத்துச் சின்னப் புட்டி தருவார்கள். லிட்டருக்கு ஒரு சொட்டு. நேராக விட்டால் மேலே மிதக்கும். ஒரு சின்னப் புட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்த்து வெண்மையாகும்வரை குலுக்கிப் பிறகு ஊற்ற வேண்டும். மீன் லேசாகச் சாயும், செவுள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ஈரக் கையால் பிடித்து, கவர் கண்ணாடியின் விளிம்பால் தலையிலிருந்து வால் பக்கமாக ஒரே ஒரு இழுப்பு. வருகிற சளியைத் தொட்டி நீர் ஒரு சொட்டோடு கண்ணாடித் தகட்டில் வைத்து உடனே பார்க்க வேண்டும். மீனை வெளியே வைத்திருப்பது அரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

தெரிவது என்ன? கரும் பழுப்பாக, ஒளி ஊடுருவாத ஒரு உருண்டை. அவசரமே இல்லாமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் மயிரிழைகள் ஓயாமல் நெளிகின்றன. அது வெள்ளைப்புள்ளி. பேரிக்காய் வடிவில், அசையாமல், ஒரு முனையால் தோலில் வேர்விட்டு நிற்பது வெல்வெட். ஒரு சொட்டு அயோடின் விட்டால் உள்ளே இருக்கும் மாவுச்சத்தால் கறுத்துப்போகும். அவரை விதை வடிவில் சளிக்குள் வழுக்கி வழுக்கி ஓடினால் புருக்ளினெல்லா. அதைவிடச் சின்னதாக, கண்ணீர்த் துளி வடிவில், பார்வைக்கு நிற்காமல் பறந்தால் யுரோனீமா. முதல் முறை வெள்ளைப்புள்ளி சுற்றுவதைப் பார்த்த ஒரு பையன் நுண்ணோக்கியை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. தன் மீனைத் தின்கிற உயிர் அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

செத்த மீனில் பார்ப்பது வீண். மீன் போனதும் ஒட்டுண்ணிகள் இறங்கிவிடும், மிஞ்சியது சிதைந்துவிடும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்குக் (1977-ல் தொடங்கியது, மீன் நோயியல் அங்கே தனிப் பாடம்) கொண்டுபோவதாக இருந்தாலும் ஐஸில் வைத்துச் செத்ததைக் கொண்டுபோகாதீர்கள். ஆக்சிஜன் அடைத்த பையில் உயிரோடு போக வேண்டும். நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த மீன் ஏற்கெனவே ஒரு தடவை வந்த தூரம்.

*

நன்னீர்க் குளியல். இதில் நம் ஊருக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு.

கடல் மீனை நல்ல தண்ணீரில் 3 முதல் 5 நிமிடம் விட்டால் மீன் தாங்கும். மேலே ஒட்டியிருக்கும் தட்டைப்புழு தாங்காது. இதுவரை கண்ணாடியாக இருந்து கண்ணில் படாத புழு, நல்ல தண்ணீர் பட்டதும் வெளிறி, வெள்ளைச் செதிலாகச் சுருண்டு, கழன்று கீழே விழும். கறுப்பு வாளியில் செய்தால் அடியில் எண்ணிப் பார்க்கலாம். நோய் என்ன என்பதும் அப்போதே உறுதியாகிவிடும். வெல்வெட்டும் ஓரளவு உதிரும், செவுளுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். வெள்ளைப்புள்ளிக்குப் பலனில்லை; அது தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

வசதி, மலைத் தண்ணீர் பக்கத்திலேயே கிடைப்பது. ஆபத்து என்னவென்றால், அந்தத் தண்ணீர் மிக மென்மையானது. பாறையில் விழுந்து பாறையிலேயே ஓடிவருகிற தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. மழைத் தண்ணீரும் அப்படித்தான். பி.எச். 8.2-ல் வாழ்கிற மீனை அதில் திடீரென்று விட்டால் உப்பு மாறுவதைவிடப் பி.எச். மாறுவதில்தான் அடி விழும். சமையல் சோடா கொஞ்சம் கரைத்து 8.2-க்குக் கொண்டுவந்து, வெப்பநிலையையும் தொட்டியோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, ஏர் பம்பை ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் மீனை விட வேண்டும். சோதித்துப் பார்க்காமல் ‘குத்தாலத் தண்ணி, சுத்தமான தண்ணி’ என்று ஊற்றியதில் சாய்ந்த மீன்களை அறிவேன்.

சுத்தம் என்பதிலும் ஒரு எச்சரிக்கை. குற்றாலப் பேரருவிக்குக் கீழே பிடித்த தண்ணீர் வேண்டாம். எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டிருந்தாலும் சீசன் கூட்டத்தில் தண்ணீரில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சோப்பு செவுளைக் கரித்துவிடும். முதல் மழையை விட்டுவிட்டு மாடியில் பிடித்த மழைத் தண்ணீர் நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட வேண்டும். இன்னொன்று: செம்புக் குடத்திலும் பித்தளை அண்டாவிலும் வைத்த தண்ணீரை எடுக்காதீர்கள்.

குளியலின்போது மீன் முதலில் துள்ளும், சில சமயம் பக்கவாட்டில் படுத்துவிடும். பயந்து உடனே தூக்கிவிடக் கூடாது. மூச்சு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் போனை எடுக்காதீர்கள்.

*

உப்பைக் குறைத்து வைப்பது. எலும்பு மீன்களின் ரத்தத்தில் இருக்கும் உப்பு கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உப்பைப் படிப்படியாகக் குறைத்தால் மீனுக்கு வேலை குறைகிறது. வெள்ளைப்புள்ளியின் கூடோ அந்த நீரில் வெடித்துப்போகிறது. கடல்நீர் 40 லிட்டர், நல்ல தண்ணீர் 60 லிட்டர் சேர்த்தால் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு 14 ஆகிறது. கடல்நீரைத் தூத்துக்குடியிலிருந்து சுமந்துவருகிற நமக்கு இது செலவிலும் மிச்சம். இறக்குவதை இரண்டு நாளில் செய்யலாம். ஏற்றுவதை அதைவிட நிதானமாகச் செய்ய வேண்டும். நல்ல ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். 14 என்று நினைத்துக்கொண்டு 20-ல் வைத்திருந்தால் ஒட்டுண்ணி நிம்மதியாக இருக்கும். குறைந்த உப்பைத் தாங்குகிற வகைகளும் அங்கங்கே பதிவாகியிருக்கின்றன. வெல்வெட்டுக்கு இது மருந்தே ஆகாது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

*

மயில்துத்தம். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டக்காரர் போர்டோ கலவைக்கு வாங்குகிற அதே நீலக் கல். கடல்மீனுக்குச் செம்பு மருந்து என்பது இதுதான். உரக்கடைக் கல்லில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள்.

கணக்கு: நீலக் கல்லின் எடையில் கால் பங்குதான் செம்பு. ஒரு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லியில் கால் மில்லிகிராம் செம்பு. 100 லிட்டர் தொட்டிக்கு அந்தக் கரைசலில் 80 மில்லி விட்டால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். 0.15-க்குக் கீழே போனால் ஒட்டுண்ணிக்கு வலிக்காது, 0.25-க்கு மேலே போனால் மீனுக்கு வலிக்கும். இவ்வளவு குறுகிய சந்தில்தான் நடக்க வேண்டும். முழு அளவையும் ஒரே நாளில் ஊற்றாமல் இரண்டு நாளில் ஏற்றுவது நல்லது. தினமும் செம்புச் சோதனைப் பெட்டியால் அளந்து குறைந்ததை ஈடுகட்ட வேண்டும். மூன்று வாரம் கட்டாயம். நான்கு வாரத்துக்குக் குறைக்க எனக்கு மனசு வராது. வெல்வெட்டுக்கும் செம்புதான், மலேரியாவுக்குக் கொடுக்கிற குளோரோகுயினையும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கணக்கில் அதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

பெரிய தொட்டியில் செம்பு விடவே கூடாது. பவளக் கல்லும் சிப்பி மணலும் செம்பை இழுத்துவைத்துக்கொள்ளும், அளவு நிற்காது. இறால், நண்டு, சங்கு எல்லாம் போய்விடும். ஒன்றுமே போடாத வெறும் கண்ணாடித் தொட்டிதான் ஆஸ்பத்திரி. அதில் அம்மோனியா ஏறும் என்பதால் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றுகிற தண்ணீரிலும் அதே அளவு செம்பு இருக்க வேண்டும்.

தட்டைப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல், லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம். முட்டையை அது கொல்லாது என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும். நாய்க்குக் கொடுக்கிற குடற்புழு மாத்திரையில் இது இருக்கிறதே என்று சிலர் உடைத்துப் போடுகிறார்கள். அவற்றில் பல, கூட்டு மருந்துகள். வேண்டாம்.

*

ஃபார்மலின் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 2018 ஜூன். கேரளத்து உணவுப் பாதுகாப்புத் துறை ஆரியங்காவு சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தது. செங்கோட்டையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். அதற்குப் பிறகு ‘மீனுக்கு ஃபார்மலின்’ என்றாலே முகம் சுளிக்கிறார்கள், சுளிக்க வேண்டியதுதான். சாப்பிடுகிற மீனில் அதற்கு இடமே இல்லை.

ஆனால் புருக்ளினெல்லா வந்த கோமாளி மீனுக்கு அதுதான் கைகண்ட மருந்து. இந்த ஒட்டுண்ணி கூடு கட்டுவதில்லை. மீன் மேலேயே இரண்டாக, நான்காகப் பிரிந்துகொண்டு போகும், அதனால் இரண்டொரு நாளில் மீனின் கதை முடிந்துவிடும். தனி வாளியில், பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, பத்து லிட்டருக்கு ஒன்றரை மில்லி, அரை மணி முதல் ஒரு மணி நேரம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபார்மலின் போட்டால் ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் குறைந்துபோகும் என்பது நோய் நூல்களில் இருக்கும் கணக்கு. பம்பு ஏன் என்று இதிலிருந்து புரியும். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் புட்டியைத் தொடாதீர்கள். அது மீனுக்குக் கொடிய விஷம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

*

ஜூன் பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கினால் ஊரே குளிர்ந்து கிடக்கும். சாரலில் நனைய வருகிறவர்களுக்கு ஆனந்தம். தொட்டிக்காரர்களுக்கு அந்த மாதங்களில் தூக்கம் குறைவு. தண்ணீர் குளிர்ந்தால் ஒட்டுண்ணியின் ஓட்டமும் மந்தமாகும். கூடு திறக்க நாள் கூடும். ‘மூணு வாரமாச்சு, ஒண்ணும் வரல’ என்று சாரல் காலத்தில் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஹீட்டர் போட்டு 27 டிகிரியில் நிலையாக வைத்தால்தான் நாள் கணக்குக்கு அர்த்தம் உண்டு. சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு: ஒட்டுண்ணி வேகமாகப் பெருகும், சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும், செவுள் கெட்ட மீன் அந்த நேரத்தில் தாக்குப்பிடிக்காது.

காற்றில் மரக்கிளை கம்பியில் சாய்ந்து கரண்ட் போவதும் சாரல் காலத்தில்தான். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று சார்ஜ் ஏறிய நிலையில் எப்போதும் இருக்கட்டும்.

*

கடல்நீர் பற்றி. தூத்துக்குடி உப்பளத்து உப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் கடல் ஆகிவிடாது. பாத்தியில் உப்பாக உறைவது சோடியம் குளோரைடு. மெக்னீசியமும் மற்றதும் கசப்பு நீரோடு வெளியே போய்விடுகின்றன. அக்வேரியத்துக்கென்றே விற்கிற கடல் உப்பு வேண்டும், அல்லது கடல்நீரே வேண்டும். கடல்நீரோடு வெல்வெட் குஞ்சும் வரலாம். பிளீச்சிங் பவுடர் போட்டு, காற்றடித்து, ஹைப்போவால் குளோரினை நீக்கிப் பிறகு பயன்படுத்துவது பத்திரம்.

உயிருள்ள பவளம் கொண்டுவரலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-ல் பவளங்களும் கடல் குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. யானைக்கும் புலிக்கும் இருக்கிற அதே பாதுகாப்பு. ‘சின்னத் துண்டுதானே’ என்று கொடுக்கிறவர்களிடம் கையை நீட்டாதீர்கள்.

பண்ணையில் பொரித்த கோமாளி மீன் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. தொட்டியிலேயே பிறந்தது தொட்டித் தீனியைச் சாப்பிடும், கடலின் ஒட்டுண்ணியைச் சுமந்து வருவதும் குறைவு. கடலிலிருந்தும் ஒரு மீன் குறையாது.

*

நமக்குத் தெரிந்ததில் பாதி, சாப்பாட்டு மீன் வளர்ப்பவர்கள் பட்ட பாட்டில் வந்தது. காட்சிசாலைகளுக்கும் அதில் பங்கு உண்டு. லண்டன் விலங்குக் காட்சிசாலையின் மீன்களில் வெல்வெட்டைக் கண்டு 1931-ல் பிரவுன் எழுதினார். கிரிப்டோகேரியான் என்ற பெயர் 1951-ல் வந்தது. சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சிசாலை திறந்திருந்தார்கள். போர்க்காலத்தில், 1942-ல், அதை மூடினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கடல்மீனை வைத்துப் பார்ப்பது நமக்கு நேற்று வந்த ஆசை இல்லை.

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில் கடல் விரால் குஞ்சை 2010-ல் முதன்முதலாகப் பொரித்தார்கள்; அடுத்த ஆண்டு சில்வர் பாம்பானோ. தாய் மீனைத் தொட்டியில் வைத்துப் பராமரிக்கிற இடத்தில் வெல்வெட் வராமல் இருக்காது. பாம்பானோ தாய் மீன்களில் அமைலூடினியம் (வெல்வெட்டுக்குக் காரணமான உயிரி) வந்ததையும் குணப்படுத்திய விதத்தையும் மண்டபம் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்டார்கள். இங்கே ஓர் அறையில் இரண்டு கோமாளி மீன் வைத்திருக்கிற பையனுக்கும் அந்தக் கட்டுரை சொந்தம். நம் கடல், நம் வெப்பநிலை, நம் ஊரில் கிடைக்கும் மருந்து ஆகியவற்றை வைத்து எழுதியது அது. வெளிநாட்டு வீடியோ பார்த்து 25 டிகிரித் தண்ணீர்க் கணக்கை இங்கே கொண்டுவருவதைவிட இதைத் தேடிப் படிக்கலாம்.

*

பூண்டுச் சாறு: தீனிக்கு மணம் ஏற்றும், சாப்பிடாத மீன் சில சமயம் சாப்பிடும். வெள்ளைப்புள்ளியைக் குணப்படுத்தாது. மஞ்சள், வேப்பிலை: கடல் தொட்டியில் போடாதீர்கள். துப்புரவு இறால்: அழகான உயிர், தோலுக்கு அடியில் இருப்பதை அதனால் எடுக்க முடியாது. விளக்கை அணைத்து வைத்தால் வெல்வெட் செத்துவிடும் என்பது: இந்த வெல்வெட்டுக்குப் பச்சையம் இல்லை, இருட்டு அதற்கு ஒரு பொருட்டில்லை.

பிழைத்த மீனுக்குச் சில மாதம் எதிர்ப்பு சக்தி இருக்கும். புள்ளி தெரியாது, செவுளில் ஒன்றிரண்டைச் சுமந்துகொண்டு புதிய மீனுக்குக் கொடுக்கும். பழைய மீன் நன்றாக இருக்கிறது, புது மீன் மட்டும் சாகிறது என்றால் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல வேண்டாம், தொட்டியையும் பாருங்கள்.

புது மீன் எதுவானாலும் ஒரு மாதம் தனித் தொட்டி. இடமில்லை, காசில்லை என்று சொல்கிறவர்களுக்கு: அந்த மீனை வாங்குவதையே தள்ளிப் போடலாம்.

*

மருந்துத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்பதை யாருமே கேட்பதில்லை. வாசலில் ஓடுகிற வாய்க்காலில் கொட்டினால் அது சிற்றாற்றுக்குப் போகும், சிற்றாறு தாமிரபரணிக்குப் போகும். மென்மையான தண்ணீரில் செம்பின் விஷம் பல மடங்கு கடுமையாகும்; கடல் மீன் தாங்குகிற அளவை இங்குள்ள நத்தையும் கெண்டைக் குஞ்சும் தாங்காது. இந்த ஆற்றுப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத கெண்டை வகை ஒன்று நம் ஓடைகளில் இருக்கிறது. செம்புத் தண்ணீரில் ஆக்டிவேட்டட் கார்பனை இரண்டு நாள் ஓட்டி, அளந்து பார்த்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி ஒரு உறிஞ்சு குழியில் விடுங்கள். ஃபார்மலின் தண்ணீரை மூடாமல் காற்றடித்துச் சில நாள் வைத்திருந்து அதே குழிக்கு அனுப்பலாம். கார்பனைக் குப்பையில் போடுவதற்கு முன் பையில் கட்டுங்கள்.